இறங்கத் தெரிந்த வண்டி

மோட்டார் வண்டிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், பிரயாணத்தில் எந்தப் பக்கத்து ஜன்னலில் வெயில் படாது என்பது தெரியும் என்று பதில் சொல்வேன். நாற்பது வயது வரையில் அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. என் நாவல்களில் வருகிற கதாநாயகர்கள் கார் ஓட்டுவார்கள். ஆனால் அது என்ன கார் என்று நான் எழுதியதே இல்லை. ‘சர்ரென்று வந்து நின்றது’ என்று எழுதிவிட்டால் மிச்சத்தை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என்னை, 2022-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், ஜெயமங்கலத்திலிருந்து என் அண்ணன் டெலிபோனில் கூப்பிட்டார்.

"பழைய வண்டி ஒண்ணு வாங்கணும். நீ ஒரு தடவை வந்துட்டுப் போ" என்றார்.

"நான் வந்து வண்டியில் என்னத்தைப் பார்ப்பது, அண்ணே?"

"வண்டியை நான் பார்த்துக்கிறேன். நீ பணத்தை எடுத்துக்கிட்டு வா."

என் அண்ணன் ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

தேனி ஜில்லாவில், பெரியகுளத்துக்குக் கிழக்கே, வராக நதிக் கரையில் இருக்கிறது எங்கள் ஜெயமங்கலம். ஊரைச் சுற்றி வயல். வயலைத் தாண்டித் தென்னை. தலையைத் தூக்கினால் மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கி வருகிற வராக நதி பெரியகுளத்தையும் வடுகபட்டியையும் மேல்மங்கலத்தையும் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து, பிறகு வைகையைத் தேடிக்கொண்டு போகும். ஆறு எங்களிடம் வருகிறது. நாங்களோ அது புறப்பட்ட இடத்துக்குப் போக வேண்டியவர்கள். ஏனென்றால் எங்கள் தாத்தா, வயல் வாங்கவேண்டிய பணத்தில் மலையில் தோட்டம் வாங்கிவிட்டார். சோத்துப்பாறை அணைக்கும் மேலே, அகமலைப் பக்கம், நாலு ஏக்கர். எலுமிச்சை, இலவ மரம், மர நிழலில் காப்பி, கொஞ்சம் மலைவாழை.

அங்கே விளைவதற்குக் குறைவில்லை. விளைந்ததைக் கீழே கொண்டுவருவதுதான் கஷ்டம். தாத்தா காலத்தில் தலைச்சுமை. அப்பா காலத்தில் மட்டக்குதிரை. குதிரையின் இரண்டு பக்கமும் மூட்டையைக் கட்டிவிட்டால், அது பாறை பாறையாகக் கால் வைத்து, ஆளைக் காட்டிலும் நிதானமாக இறங்கி வரும். அப்பா கடைசி வரையில் குதிரையை விடவில்லை. ‘வண்டி வாங்கலாமே’ என்று யாராவது சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதற்கு ஒரு காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

இப்போது குதிரையும் குறைந்துவிட்டது. குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் அதைவிடக் குறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். மறுபக்கம், மலையில் பாதை என்று ஒன்று வந்திருக்கிறது. சில இடத்தில் தார், சில இடத்தில் சிமெண்டு, பல இடத்தில் வெறும் கல். மழைக்காலத்தில் எது எங்கே இருந்தது என்று மலைக்கே தெரியாது. அதில் ஏறுகிற வண்டி வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. இதுதான் அண்ணனுடைய நிலைமை.

ஜெயமங்கலம் போய்ச் சேர்ந்ததும், வண்டி வாங்குவது பெண் பார்ப்பதைக் காட்டிலும் சிக்கலான விஷயம் என்று தெரிந்துகொண்டேன். பெண் பார்க்கப் போகும் இடத்தில் கீழே படுத்துப் பார்க்கவேண்டியதில்லை.

மூன்று வண்டிகள் பேச்சில் இருந்தன. ஒன்று மகேந்திரா எம்.எம்.540 ஜீப்பு, 1992-ஆம் வருஷத்தது. இரண்டாவது டாட்டா 207 பிக்கப், 2008. மூன்றாவது பொலேரோ கேம்பர், 2009. முன்னால் இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் கட்டைத் தொட்டியும் கொண்டது, நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். இந்த மூன்றையும் பார்த்துச் சொல்வதற்காகப் பெரியகுளத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அண்ணன் அழைத்து வந்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். போடியிலும் கம்பத்திலும் ஏலத் தோட்டத்துக்கு ஓடுகிற ஜீப்புகளில் பாதி அவர் கைப்பட்டவை என்றார் அண்ணன். பாய் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை; பீடியைப் பற்றவைத்தார்.

என்னைக் கேட்டால், பார்த்தவுடனே 540 ஜீப்பின் மேல் எனக்குக் காதல் உண்டாகிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜீப்பு என்றால் நம் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. சின்ன வயதில் ஊருக்குள் ஜீப்பு வந்தால் சர்க்கார் வந்தது என்று அர்த்தம், அல்லது தேர்தல் வந்தது என்று அர்த்தம். இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்கப் படை கேட்ட சின்ன வண்டி அது. பாண்டம் என்ற கம்பெனி 1940-இல் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வில்லிஸும் போர்டும் அதைப் போட்டி போட்டுக்கொண்டு செய்து, யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் தள்ளிவிட்டன. யுத்தம் முடிந்ததும் பம்பாயில் மகேந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மூக்கு உயர்ந்த சி.ஜே.3பி என்ற ஜீப்பை 1968-இல் நிறுத்திய பிறகும், இங்கே அதன் வம்சம் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூக்கு ஏன் உயர்ந்தது தெரியுமா? புதிய எஞ்சின் பழையதைவிட உயரம்; பானட்டுக்குள் அடங்கவில்லை; ஆகவே பானட்டை உயர்த்திவிட்டார்கள். அழகுக்குச் செய்தது அல்ல; வேறு வழியில்லாமல் செய்தது. அதனால்தானோ என்னவோ அது அழகாக இருக்கிறது.

540 அந்த வம்சத்தில் பிறகு வந்தது. 1980-களின் நடுவில், பிரெஞ்சு தேசத்துப் பேஜோ டீசல் எஞ்சினை வைத்து வந்தது. பச்சை வர்ணம், கான்வாஸ் கூரை, குட்டையான உடம்பு. நான் அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என் அடுத்த நாவலின் அட்டைப் படமே கண்ணுக்குத் தெரிந்தது.

"அண்ணே, இதுதான்" என்றேன்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, கீழே படுங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதானே ஆசைப்படுறீங்க."

வெள்ளை வேட்டியோடு புழுதியில் படுத்தேன். ஜீப்பின் அடிவயிற்றைப் பார்த்தால் எனக்கு என்ன புரியும்? பாயும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு குச்சியால் பாடம் நடத்தினார். எஞ்சினிலிருந்து வருகிற பலம் கியர் பெட்டிக்கு வருகிறது. அதன் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிதான் பலத்தை இரண்டாகப் பங்கு வைத்து, பின் அச்சுக்கு ஒரு தண்டு, முன் அச்சுக்கு ஒரு தண்டு என்று அனுப்புகிறது. இரண்டு தண்டும் சுற்றினால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும்.

"பின்னாடி தண்டு இருக்கா?"

"இருக்கிறது."

"முன்னாடி?"

பார்த்தேன். முன்னால் ஒன்றும் இல்லை. தண்டு இருக்கவேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

"கழட்டி வித்துட்டாங்க. தார் ரோட்டுல ஓட்டுறவனுக்கு அது பாரம், டீசல் செலவு. ஆனா கியர்த் தடி மட்டும் மேலே இருக்கு பாத்தீங்களா? அதைப் பார்த்துத்தான் ஃபோர் வீல் ஜீப்புன்னு விலை சொல்றாங்க."

விற்க வந்தவர் அந்தச் சமயத்தில் தம் செல்போனை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் காதல் அத்துடன் முடிந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். மதினி அன்று மாலை அந்த வேட்டியைத் துவைக்கும்போது, "பொண்ணு பிடிக்கலையா?" என்று கேட்டார்கள்.

ஆகவே நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அண்ணன் 207-இன் பக்கம். அவரிடம் கணக்கு இருந்தது. ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில், பென்சிலில்.

207-இன் எஞ்சின் பெரிசு, மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டி நீளம். அண்ணன் கணக்கில் ஐம்பது கிலோ மூட்டை இருபத்து நாலு போகும். கேம்பரில் ஆசனத்துக்கு இடம் போய்விடுவதால் தொட்டி குட்டை; பதினைந்துக்கு மேல் போடுவது சரியில்லை. விலையோ 207 இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், கேம்பர் மூன்று லட்சத்து இருபத்தையாயிரம். அதிகப் பணம் கொடுத்து குறைந்த மூட்டையை ஏற்றுவதற்கு ஒருவன் நாவலாசிரியனாக இருந்தால்தான் சம்மதிப்பான் என்பது அண்ணனின் அபிப்பிராயம்.

"ஆனால் 207-க்குப் பின்சக்கரம் மட்டும்தானே இழுக்கும்?" என்றேன். நேற்றுக் கற்ற பாடத்தை இன்று பேசுவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

"பாரம் இருந்தா பின்சக்கரம் பிடிக்கும்ல?"

இதில் உண்மை உண்டு என்று பாய் சொன்னார். பிக்கப் வண்டிகளுக்கு எடை எல்லாம் முன்னால். எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. தொட்டி காலியாக இருந்தால் பின்புறம் லேசு. பின்சக்கரம் தரையை அழுத்தாது. ஈரக் கல்லில் சுற்றிக்கொண்டே நிற்கும். பாரம் ஏற்றினால் பிடிக்கும். "ஆனா அண்ணாச்சி, நீங்க மலைக்குப் போறப்போ காலி, வர்றப்போ பாரம். ஏறும்போது பிடி வேணும், அப்ப பாரம் இல்லே. இறங்கும்போது பாரம் உங்களைப் பிடிச்சுத் தள்ளும். கணக்குத் தலைகீழா இருக்கே" என்றார்.

அண்ணன் டைரியை மூடவில்லை. "ஏறும்போது ஆளுங்க இருப்பாங்க" என்றார். "காலையில தோட்ட வேலைக்குப் பொம்பளையாளுங்க இருபது பேர் நடந்து ஏறுறாங்க. அவங்களை ஏத்திக்கிட்டா பாரமும் ஆச்சு, அவங்களுக்கு நடையும் மிச்சம். சாயங்காலம் மூட்டை மேல உட்கார்ந்து இறங்கிடுவாங்க."

பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏனென்றால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

1993-ஆம் வருஷம் என் வீட்டாரும் இன்னும் இரண்டு பேரும் கூட்டாக ஒரு பழைய சரக்கு வண்டியை வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். அப்போது அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரம் வரையில்தான் வண்டி போகிற மண் தடம் உண்டு. அங்கே வரை குதிரை, அதற்குப் பிறகு வண்டி. ஒரு நாள் மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. எலுமிச்சை மூட்டைகளின் மேல் வேலைக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இறங்கினார்கள். அதில் ஒருத்தி எனக்கு அத்தை முறை. பள்ளிக்கூடத்திலிருந்து நான் வரும்போது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெல்லிக்காயை அவிழ்த்துக் கொடுப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கும் நான் நெல்லிக்காய்க்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி வரவில்லை. இருட்டின பிறகு ஆட்கள்தான் ஓடி வந்தார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தடத்தை விட்டு இறங்கி ஒரு மரத்தில் சாய்ந்தது. மேலே இருந்தவர்கள் சிதறினார்கள். பலருக்குக் கை, கால். அத்தை மாத்திரம் திரும்பி வரவில்லை. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் கூட இல்லாமல் வந்து, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார். அப்பா அந்தக் குடும்பத்துக்குச் செய்யக்கூடியதைச் செய்தார். செய்யக்கூடியது எவ்வளவு சின்னது என்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு எங்கள் வீட்டில் வண்டி என்ற பேச்சே இல்லை. குதிரைதான்.

இது நடந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. அண்ணன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனைப் பற்றி நான் நினைத்ததில் பாதி தப்பு என்பது எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் தெரிகிறது.

மறுநாள் இரண்டு வண்டிகளையும் மலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு. விற்பவர்கள் இருவரும் சம்மதித்தார்கள். பாய் தம் கையாலேயே இரண்டுக்கும் எண்ணெய் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது அங்கிருந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். தள்ளினால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது. சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இரும்பு ‘டங்’ என்கிறது. துருப்பிடித்த இரும்பு ‘பொத்’ என்கிறது. விமரிசகர்கள் என் புத்தகங்களையும் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. இரண்டு வண்டிக்கும் சேஸிஸ் நன்றாகத்தான் இருந்தது. 207 நல்ல வண்டி, நல்ல கையில் இருந்த வண்டி என்று பாயே சொன்னார்.

முதலில் 207-இல் ஏறினோம். அணை வரைக்கும் ராஜபாட்டை. அணையைத் தாண்டிய பிறகு பாதை தன் சொரூபத்தைக் காட்டியது. பாரத்துக்காகப் பத்து மணல் மூட்டை போட்டிருந்தோம். அந்தப் பெரிய எஞ்சின் முனகாமல் ஏறிற்று. இரண்டொரு இடத்தில் ஊற்று நீர் கசிந்த கல்லில் பின்சக்கரம் சுற்றிற்று; பின்னால் வந்து வேகம் எடுத்து, மறுபடி ஏறிவிட்டது. அண்ணன் என்னை வெற்றியோடு பார்த்தார். கண்ணக்கரைப் பக்கம் வரையில் போய்த் திருப்பினோம்.

"பாத்தீங்களா பாய், ஏறிடுச்சே!"

"ஏறும் அண்ணாச்சி. ஏறுறதுக்கு எல்லா வண்டியும் ஏறும். ஏறும்போது வண்டி முடியலேன்னா நின்னுடும். சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துட்டு இறங்கி டீ குடிக்கலாம். இறங்கும்போது முடியலேன்னா டீ குடிக்க ஆள் இருக்கமாட்டான். மலைக்கு வண்டி வாங்குறவன் இறங்குறதைப் பார்த்து வாங்கணும்."

இறங்கினோம். முதல் கியரில்தான் இறங்கினோம். ஆனாலும் செங்குத்தான இடங்களில் வண்டியை எஞ்சினால் மாத்திரம் பிடிக்க முடியவில்லை. பாய் மிதித்து மிதித்து விட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, என்னை இறங்கச் சொல்லி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னார். தொடவேண்டியதில்லை, அனல் அடித்தது. கருகிய வாடை வேறு.

"இது வண்டியோட குத்தம் இல்லே. எந்த வண்டியா இருந்தாலும் இதுதான்" என்றார் பாய். பிரேக் என்பது உரசல். உரசினால் சூடு. இறங்குகிற வண்டியின் வேகமெல்லாம் அந்தச் சின்ன டிரம்முக்குள்ளே சூடாக மாறுகிறது. ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் உள்ளே இருக்கிற கட்டை பிடிப்பை இழந்துவிடும். பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகிவிட்டால், மிதித்த கால் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. "காலையும் மாலையும், மழையில, இருபது ஆளோட, வருஷம் முழுக்க. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கால் தரைக்குப் போகும்."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கவில்லை.

மத்தியானம் கேம்பரில் போனோம். அதே மணல் மூட்டை, அதே பாதை. அதன் எஞ்சின் சின்னது, 2523 சி.சி. என்று ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. தார் ரோட்டில் 207 போன மிடுக்கு இதற்கு இல்லை. ஆனால் கல் பாதை ஆரம்பித்த இடத்தில் பாய் அந்தச் சின்னக் கியர்த் தடியை இழுத்தார். நான்கு சக்கரத்துக்கும் பலம் போவது மட்டுமல்ல. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு பல்சக்கரம் சேர்ந்துகொண்டு, எல்லாக் கியரையும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாக்கிவிடுகிறது. மெதுவானால் பலம் கூடும். ஊற்று நீர்க் கல்லில் ஒரு சக்கரம் சுற்றினாலும், முன் அச்சு இழுத்துக்கொண்டு போய்விட்டது. (இதைத் தார் ரோட்டில் போடக்கூடாதாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் போகவேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், வழுக்குகிற தரையில் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் பல்சக்கரம் அறைபடும். கூட்டுக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.)

ஏறினது பெரிதல்ல. இறங்கினதுதான் விசேஷம். அந்த மெதுவான கியரில் பாய் பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு, எனக்குத் தெரியட்டும் என்று ஆசனத்தில் சம்மணம் போடுகிற மாதிரி காலை மடக்கிக் காட்டினார். வண்டி ஒரு கிழவி படியிறங்குவது போல, ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து இறங்கிற்று. எங்கள் பழைய மட்டக்குதிரை இறங்குவது போலவே இருந்தது. எஞ்சின் மட்டும் ஊளையிட்டுக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. முன்பு நிறுத்தின அதே இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை அண்ணனும் இறங்கினார். அவரும் குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு பள்ளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு டிரைவர் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தான், தம்பி. நான் பார்த்தேன். கால் தரையில இடிச்ச சத்தம் கேட்டுச்சு."

அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முப்பது வருஷம் ஒருவர் ஒரு சத்தத்தை மனசுக்குள்ளே வைத்துக்கொண்டு, டைரியில் மூட்டைக் கணக்கும் எழுத முடிகிறது. வயிறு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பெண்கள் கலியாணத்துக்கு இருக்கிறார்கள். கணக்குப் போடுகிறவர்களை இளக்காரமாக நினைக்கிற வழக்கம் எங்களைப் போல் எழுதுகிறவர்களுக்கு உண்டு. அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

கேம்பரை மூன்று லட்சத்துக்கு முடித்தோம். பாய் தம் கூலிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் போகிறபோது ஒரு வார்த்தை சொன்னார்: "நல்ல வண்டி. ஆனா தொட்டியில ஆளை ஏத்துனீங்கன்னா இதுவும் அந்த வண்டிதான். மூட்டை விழுந்தா எலுமிச்சம்பழம் போகும். நாலு வீலு இருக்குன்னு மலைக்குத் தெரியாது."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆளை ஏற்றக்கூடாது. சட்டம் சொல்வதைக் காட்டிலும் பாய் சொன்னது அண்ணன் காதில் விழுந்தது. ‘ஆசனத்தில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேர், தொட்டியில் மூட்டை மட்டும்’ என்று வீட்டில் ஒரு விதி செய்துகொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். நானாக எழுதுகிற கதையாக இருந்தால் இங்கேதான் முடித்திருப்பேன். ஆனால் விதி செய்வது சுலபம்; அந்த விதியை ஒரு முகத்துக்கு நேரே சொல்வது சுலபமல்ல. டிரைவரைத் தவிர நாலு பேருக்குத்தான் இடம். மாலையில் வண்டி இறங்கும்போது பாதையோரத்தில் நிற்பவர்களோ எட்டுப் பேர், பத்துப் பேர். காலெல்லாம் மண், தலையில் விறகு, பின்னால் காலித் தொட்டியோ அரைத் தொட்டியோ தெரிகிறது. "ஓரமா உட்கார்ந்துக்கிறோம் சாமி" என்று கேட்பார்கள். ‘ஏத்த மாட்டேன்’ என்று சொல்லவேண்டும். நல்லதற்குத்தான் சொல்கிறோம் என்பது சொல்கிறவனுக்குத் தெரியும். நடந்து இறங்குகிற கால்களுக்கு அது எப்படித் தெரியும்? முதல் இரண்டு மாதத்தில் அண்ணனுக்கு ‘வண்டி வந்ததும் கண்ணு மேலே போயிடுச்சு’ என்ற பெயர் வந்துவிட்டது. இது மதினி எனக்குச் சொன்ன சமாசாரம்.

அந்த வருஷம் ஐப்பசியில் நான் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனோடு தோட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. கண்ணக்கரைக்கு இந்தப் பக்கம், ஒரு பாறையின் கீழே பெண்கள் ஏழு பேர் ஒதுங்கி நின்றார்கள். வண்டியில் நாங்கள் இரண்டு பேர். தொட்டியில் பதினாலு மூட்டை, மேலே தார்ப்பாய். மூன்று பேருக்கு இடம் இருந்தது. அண்ணன் நிறுத்தினார். வயசானவர்கள் மூன்று பேர் ஏறிக்கொண்டார்கள். மற்ற நாலு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் கேட்காமல் நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் வண்டியை எடுத்தார். சின்னக் கியர்த் தடியை இழுத்தார். வண்டி தன் கிழவி நடையில் இறங்கிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிமாரில் ஒருத்தி, "இது என்னப்பா, நடந்தாலே சீக்கிரம் போயிடலாம் போலிருக்கே" என்றாள். அண்ணன் சிரித்தார். அணைக்குக் கீழே அவர்களை இறக்கிவிட்டார். நான் வீட்டுக்குத்தான் போகப் போகிறோம் என்று நினைத்தேன். அண்ணன் வண்டியைத் திருப்பினார்.

"எங்கே, அண்ணே?"

"நாலு பேர் நிக்கிறாங்கல்ல" என்றார்.

பதினாலு மூட்டையோடு அந்த மழையில் மறுபடி மேலே ஏறினோம். பாறையடியில் அவர்கள் இல்லை, நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாதி வழியிலேயே எதிரே வந்தார்கள். நாலு பேருக்கு மூன்று இடம்தான் இருந்தது. நான் ஒன்றும் பெரிய தியாகம் செய்துவிடவில்லை; இறங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த வண்டி போகிற வேகத்துக்கு அதன் பின்னாலேயே நடந்து வருவது ஒன்றும் சிரமமாக இல்லை. பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் ஈரக் கல்லில் விழுந்துகொண்டே போயிற்று. பிரேக் விளக்கு ஒரு தடவை கூட எரியவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் டைரியை எடுத்து அன்றைய கணக்கை எழுதினார். எட்டிப் பார்த்தேன். பதினாலு மூட்டை, ஆள் கூலி, முதல் நடைக்கு ஆன டீசல் எல்லாம் இருந்தன. இரண்டாவது நடைக்கு ஆன டீசலை அவர் எழுதவில்லை. கணக்கில் தவறு இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.